ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மவுஸ்: லினக்ஸில் எக்ஸ்இன்புட்

மாடியில் சாயங்காலம் ஆறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். கம்ப்யூட்டர் ஒன்றுதான். மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கற்றுக்கொள்கிறார், மற்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இரண்டு மாதமாக மவுஸைத் தொடவே இல்லை என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தார் 2006-லேயே பள்ளிகளில் இதைக் கவனித்து, பிள்ளைக்கு ஒரு மவுஸ் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது மவுஸைச் சும்மா செருகினால் இரண்டும் ஒரே அம்புக்குறியைத்தான் இழுக்கும். தனித்தனி அம்புக்குறி வேண்டுமென்றால், லினக்ஸில் திரையையும் மவுஸையும் கீபோர்டையும் கவனித்துக்கொள்ளும் எக்ஸ் சர்வர் என்ற மென்பொருளே போதும். ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஹட்டரர் என்பவர் முனைவர் பட்டத்துக்காகச் செய்த வேலை இது. 2009-இல் எக்ஸ் சர்வர் 1.7-உடன் எல்லோருக்கும் வந்துவிட்டது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் விண்டோவில் எக்ஸ்இன்புட் கட்டளையோடு 'கிரியேட் மாஸ்டர்' என்று கொடுத்து ஒரு பெயர் வைத்தால் புது அம்புக்குறி தோன்றும். பிறகு 'ரீஅட்டாச்' கொடுத்து மவுஸை அதோடு இணைக்க வேண்டும். என் இரண்டு மவுஸும் ஒரே மாடல்; எக்ஸ்இன்புட் காட்டும் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர், எண் மட்டும்தான் வேறு. எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு, அசைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

இடப்பக்க விண்டோவில் ஒருத்தி படம் வரைகிறாள், வலப்பக்கத்தில் ஒருவன் கூட்டல் விளையாட்டு விளையாடுகிறான். இருவருக்கும் இடையில் சண்டையே இல்லை. முதல் நாள் அந்தப் பிள்ளை அரை மணி நேரம் வட்டம் மட்டுமே வரைந்தாள். நான் தடுக்கவில்லை.

குறைகளும் உண்டு. அம்புக்குறிகள் அச்சு அசல் ஒன்றுபோலவே இருப்பதால், ‘என்னுது எது மிஸ்?’ என்ற கேள்வி ஓயாது. ஒரே விண்டோவுக்குள் இருவரும் சேர்ந்து இழுத்தால் பெரும்பாலான மென்பொருள்கள் குழம்புகின்றன. ஒருவர் கிளிக் செய்ததும் கீபோர்டு அந்த விண்டோவுக்குப் போய்விடுவதால் தட்டச்சுப் பாடம் நடத்த முடியாது. கம்ப்யூட்டரை அணைத்தால் அமைப்பு முழுதும் போய்விடும். மவுஸைப் பிடுங்கிச் செருகினாலும் அது பழைய அம்புக்குறிக்கே திரும்பிவிடும். கட்டளைகளை ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதி வைத்திருக்கிறேன்.

எக்ஸுக்குப் பதிலாக வந்திருக்கும் புது முறையான வேலண்டில் இந்த எக்ஸ்இன்புட் வழி நடக்காது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 25.10 பதிப்பில், வழக்கமான டெஸ்க்டாப்பில் எக்ஸ் செஷனையே எடுத்துவிட்டார்கள். நான் லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு வகையின் சின்னமன் டெஸ்க்டாப்பில், எக்ஸ் செஷனில் ஓட்டுகிறேன். முயன்று பார்க்க நினைப்பவர்கள் லாகின் திரையில் எந்த செஷன், எக்ஸா வேலண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.