விசென்டரை மாற்றித் தருகிறோம் என்று 3 லட்சம் வாங்கியவர்கள் செய்த வேலை: எச்சரிக்கை

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் இவர்களிடம் மாட்டக் கூடாது.

எங்கள் அலுவலகத்தின் விர்ச்சுவல் மெஷின்களை (ஒரு சர்வருக்குள் தனித்தனி கணினிகள் போல ஓடுபவை, சுருக்கமாக விஎம்) எல்லாம் நிர்வகிக்கும் விசென்டர் என்ற மென்பொருள், ஒரு பழைய சர்வரின் உள் டிஸ்கிலேயே கிடந்தது. சர்வர் படுத்தால் அதுவும் படுத்துவிடும். புது சர்வர்களும் ஐஸ்கஸி ஸ்டோரேஜும் (நெட்வொர்க் வழியாக சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க்) வாங்கி, அதை அங்கே மாற்ற ஒரு சர்வீஸ் நிறுவனத்தைப் பிடித்தோம். மைக்ரேஷன்தான் தங்கள் தினசரி வேலை என்று விளம்பரம் செய்யும் ரகம். 3 லட்சம், முழுவதும் முன்பணம்.

வந்த இன்ஜினியர் மரியாதையாகப் பேசினார். என் கண்ணெதிரே, விசென்டரின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து, "இது இருக்கு சார். எது நடந்தாலும் அஞ்சு நிமிஷத்துல பழையபடி வந்துடலாம்" என்றார். திரையில் அதன் பெயர், நேரம் எல்லாம் தெரிந்தது. விசென்டரின் நிர்வாகப் பக்கம் திறக்கும் 5480 போர்ட் வழியாக வெளியே ஒரு ஃபைல் பேக்கப்பும் எடுக்கலாமே என்றேன். "அதெல்லாம் தேவையே இல்லை சார்" என்று சிரித்தார். நம்பினேன்.

ஸ்னாப்ஷாட் அசல் ஃபைல்களோடு ஒட்டிக்கொண்டிருப்பது. அசலை அழித்தால் அதுவும் போச்சு. இவர் விசென்டரை நிறுத்திப் புது ஸ்டோரேஜுக்குக் காப்பி செய்தார். காப்பி எழுந்து நிற்கிறதா என்று பார்க்கும் முன்பே பழைய டிஸ்கை ஃபார்மட் செய்துவிட்டார். காப்பி பவர் ஆன் ஆனது, நெட்வொர்க் கிடைக்கவில்லை. அதை நெட்வொர்க்கோடு இணைக்கும் போர்ட் குரூப், எல்லா சர்வர்களுக்கும் பொதுவாக விசென்டர் நிர்வகிக்கும் டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்சில், போர்ட்டை விசென்டரே ஒதுக்கும் ஸ்டாடிக் பைண்டிங்கில் இருந்தது. புது போர்ட் ஒதுக்க விசென்டர் ஓட வேண்டும், அந்த விசென்டரே நெட்வொர்க் இல்லாமல் நிற்கிறது. விசென்டர் இல்லாமலே சர்வர் போர்ட் தரும் எஃபெமரல் போர்ட் குரூப் ஒன்றை முன்கூட்டியே போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். இதையே தொழிலாகச் செய்பவருக்கு அது தெரியவில்லை. ஐபியை மாற்றினார், பெயரை மாற்றினார், அந்தப் பெயரை உறுதிசெய்யும் சர்டிஃபிகேட் குழம்பி சர்வீஸ்கள் எழவே இல்லை. கடைசியில் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காலியாக ஒரு புது விசென்டரை நிறுவி, ஹோஸ்டுகளை (மெஷின்கள் ஓடும் சர்வர்களை) சேர்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று மெயில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

யாருக்கு என்ன அனுமதி என்ற விவரம், ஃபோல்டர்கள், பழைய பெர்ஃபாமன்ஸ் பதிவுகள் எதுவும் இல்லை. அதைவிட மோசம் பேக்கப். புது விசென்டரில் ஒவ்வொரு மெஷினின் உள் அடையாளமும் மாறிவிடும். அன்றிரவு பேக்கப் ஜாப் ஒன்றுகூடத் தன் மெஷினைக் கண்டுபிடிக்கவில்லை, வரிசையாகச் சிவப்பு.

அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தால், "விஎம் எல்லாம் ஓடுதே சார், அப்புறம் என்ன பிரச்சினை?" ஓடத்தான் செய்யும்! விசென்டர் செத்தாலும் ஹோஸ்டில் மெஷின்கள் ஓடும், அது இவர்கள் சாதனையா? அவர்கள் மேனேஜர், ஸ்டோரேஜ் விற்றவரைக் கேளுங்கள் என்றார். அவர் வந்து பார்த்தபோதுதான், மல்டிபாத் (ஒரு வழி போனாலும் இன்னொரு வழி இருக்கும் இணைப்பு) என்று பில் போட்ட இரண்டு கேபிளும் ஒரே சுவிட்சில் செருகியிருப்பது தெரிந்தது. எங்கள் புகார் டிக்கெட்டை நிறுவனத்தார் தீர்ந்தது என்று மூடிவிட்டார்கள். 3 லட்சத்தைத் திருப்பிக் கேட்டால், முடிந்ததாக மெயில் வந்ததே என்கிறார்கள். அவர்கள் போட்ட மெயிலுக்கு எங்கள் 3 லட்சம்!

வழிமுறையை விரிவாக எழுத நினைத்தேன். பேக்கப் ஜாப்களைக் கையால் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், நேரமில்லை. ஃபைல் பேக்கப் வேறு இடத்தில் இருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்சின் அமைப்பை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். பழைய டிஸ்கை யாரும் தொட விடாதீர்கள். கேபிள் எங்கே போகிறது என்று கையால் பிடித்துப் பாருங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம், பேக்கப் ஒருமுறை முழுதாக ஓடிய பிறகு மீதி.