அம்மாவின் அறைக்கு மேலே மட்டும் ஏன் அவ்வளவு சூடு?

"மச்சான், உன்ட கூரைக்கு அடிச்ச அந்தச் சூடு குறைக்கிற பெயின்ட் எப்படி? கலர் எடுக்கவா, வெள்ளையா?" என்று போன கிழமை நண்பன் கேட்டான். போனில் பதில் சொல்லத் தொடங்கியதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதனால் ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கொழும்பு கொட்டாஞ்சேனையில். மேல்மாடியில் இரண்டு அறைகள், அதற்கு மேலே தகரம். முன் அறை எங்களுக்கு, பின் அறை அம்மாவுக்கு. மூன்று வருடத்துக்கு முன் அடித்தோம். வெள்ளைதான் அதிகம் குளிர்மை தரும் என்று தெரியும். ஆனால் எதிர் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கண் கூசும். தெரிந்த ஒருவரின் வெள்ளைக் கூரை இரண்டு மழைக்காலத்தில் பாசி பிடித்துக் கறுத்ததையும் பார்த்திருந்தேன். அம்மாவுக்கு ஊர் வீட்டு ஓட்டுச் சிவப்புத்தான் வேண்டும். சரி, சிவப்பு.

சிவப்பு எப்படிக் குளிர்மை தரும் என்று பலர் கேட்கிறார்கள். வெயில் கொண்டுவரும் சக்தியில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அந்தப் பாதியைத் திருப்பி அனுப்பும் நிறப்பொடியைப் போட்டால் நிறமும் நிற்கும், சூடும் குறையும். வெறும் பளபளத் தகரம் வெயிலைத் திருப்பினாலும், ஏறிய சூட்டை எளிதில் வெளியே விடாது. பெயின்ட் பூசிய தகரம் அதை வானத்துக்கு நன்றாக விடும். 2014இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், நேர் வெயிலிலேயே சுற்றுக் காற்றைவிட ஏறக்குறைய 5 பாகை குளிர்ந்து நின்ற ஒரு பரப்பைச் செய்து காட்டினார்கள். கொழும்பில், அதுவும் சிவப்பில், அதை எதிர்பார்க்க வேண்டாம். இங்கே காற்றில் உள்ள ஈரம் அந்தச் சூடு வானத்துக்குப் போகும் வழியைப் பாதி அடைத்துவிடும். ஏ.சி. தேவையில்லை என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியிருந்தும் எங்கள் முன் அறை உண்மையிலேயே மாறிவிட்டது. முன்பு இரவு பத்து மணிக்கும் மேலேயிருந்து சூடு இறங்கும். இப்போது பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்திலேயே ஃபேன் காற்று குளிர்மையாக வருகிறது.

அம்மா மட்டும் மூன்று வருடமாக "என்ட அறை அவியுது" என்றார். பின்னேர வெயில் படுகிற பக்கம், அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் ஒழுக்கு அடைக்க வந்த கூரை வேலை பாஸோடு நானும் ஏறினேன். மத்தியானம். முன் பக்கத் தகரத்தில் கை வைத்துப் பத்து வரை எண்ண முடிந்தது. பின் பக்கத்தில் மூன்றுக்குள் எடுத்துவிட்டேன். பார்வைக்கு ஒரே சிவப்பு. இறங்கி வந்து பழைய டின்களைத் தேடினேன். முதல் டின் கம்பனியிலேயே கலந்து வந்தது. அது போதாமல், அம்மாவின் பக்கத்துக்கு வாங்கிய இரண்டாவது டின்னில் கடை மெஷினின் ஸ்டிக்கர் இருந்தது. ஸ்டாக் இல்லாததால் அதே சிவப்பு வரும்படி வெள்ளையில் நிறம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். சிவப்பை ஆழமாக்க, சாதாரணக் கறுப்பு. அந்தக் கரிக் கறுப்பு தெரிகிற வெளிச்சத்தையும் தெரியாத கதிரையும் சேர்த்தே விழுங்கும். அகச்சிவப்பைத் திருப்பும் குரோமியம், இரும்பு சேர்ந்த கறுப்பு நிறப்பொடிகளும் இருக்கின்றன. கடையில் கேட்டேன். "நிறம் சரியாத்தானே இருக்கு?" என்றார்கள்.

பெயின்டில் குறை இல்லை, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் என் நண்பனுக்கு நான் சொல்வது, கலர் எடுக்காதே. வெள்ளை அடி, வருடம் ஒரு தரம் பாசியைக் கழுவு. ஒரு பெண்மணி மூன்று வருடம் புழுங்கிய பிறகு எனக்கு வேறு பதில் வரவில்லை.

ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வரும். அதற்கு முன் பின் பக்கத்தைத் திரும்ப அடிக்கிறேன். அம்மா நிறத்தை மாற்ற விடவில்லை. சிவப்புத்தான், சீல் உடைக்காத கம்பனி டின். இந்த முறை அவருடைய பக்கம் முதலில்.