ஒட்டின அலுமினியத் தகட்டை மடிக்கலாமா? கிளிநொச்சி லேத் கடை ஒன்றைப் பற்றி

மீன் ஏற்றுகிற பட்டா வாகனங்களுக்கு அலுமினியப் பெட்டி அடிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிளிநொச்சியில் ஒரு லேத் கடையில் மில்லிங் மெசினை வைத்து பிரிக்ஷன் ஸ்டிர் வெல்டிங், அதாவது உருக்காமல் உரசல் சூட்டிலேயே தகட்டை ஒட்டுகிற வேலை, செய்து தருகிறார்கள். கடையின் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன். 1991இல் இங்கிலாந்தில் டி.டபிள்யு.ஐ. என்ற வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்த முறை இது, கப்பல் தளமும் ரயில் பெட்டியும் செய்கிற ஆலைகளில் நடக்கிற வேலை. நம்ம ஊர் லேத் கடையில் நடக்கிறது என்றதும் புதுக்குடியிருப்பிலிருந்து தகட்டை ஏற்றிக்கொண்டு போய்விட்டேன்.

இரண்டு தகட்டையும் விளிம்போடு விளிம்பு வைத்து, அடியில் தடித்த இரும்பைக் கொடுத்து இறுக்கிவிட்டு, சுழலுகிற முள்ளை மூட்டுக்குள் இறக்கி மெதுவாக நகர்த்துகிறார்கள். உரசுகிற சூட்டில் அலுமினியம் இளகும், உருகாது. அதனால் உருக்கி ஒட்டுகிற ஆர்கன் வெல்டிங்கில் வருகிற காற்றுக் குமிழ் இதில் இல்லை, தகடும் அவ்வளவாக நெளிவதில்லை. மேல்பக்கம் சின்னச் சின்ன வளையமாக வடிவான ஒரு கோடு விழுகிறது.

ஒட்டு பிடிக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மடித்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பெட்டியின் அடி மூலையில்தான் ஐஸ் தண்ணீரும் உப்பும் தேங்கும், அங்கே ஒட்டு வைக்காமல் மடித்தே எடுப்பேன், ஆனால் அகலம் போதாமல் சேர்த்த தகட்டில் அந்த ஒட்டு எப்படியும் மடிப்பைக் குறுக்கே கடந்துதான் போகும். நான் கொண்டுபோனது 3 மி.மீ. தடிப்பான 5083 என்ற அலுமினியக் கலவைத் தகடு, மென்மையான ரகம். மடித்த இடத்தின் வெளிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. முள் கிளறிய இடத்தில் உலோக மணிகள் நுணுகிப்போகும், தகடு முதலே மென்மையானது என்பதால் பக்கத்தில் புதிதாகப் பலம் குறைய ஒன்றும் இல்லை, அதனால் இழுவை ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடுகிறது.

சூட்டுப் பதம் ஏற்றிய 6061-டி6 கலவை என்றால் கதை வேறு. அவர்களிடம் கிடந்த ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, ஒட்டு மடிப்பின் நீளத்துக்கே வருகிற மாதிரி மடித்தேன், ஒட்டுக்குச் சற்றுத் தள்ளி டப்பென்று வெடித்தது. அந்த ரகத்துக்குப் பலமே சூட்டுப் பதத்தில் வருவது. உரசல் சூடு பட்டதும் ஒட்டின் இரு கரையிலும் ஒரு பட்டி பலம் குறைந்துவிடும், மடிக்கும்போது முழு இழுவையும் அங்கேதான் போகும். திரும்பப் பதம் ஏற்ற 500 பாகைக்கு மேலே போகிற உலை வேண்டும், அதற்கு எங்கே போவது?

இனி குறை. மெசின் மேசை ஓடுகிற தூரம் ஒரு மீற்றர்கூட இல்லை. 4 அடி ஒட்டுக்கு நடுவில் நிறுத்தி, தகட்டை நகர்த்தி, திரும்ப இறுக்க வேண்டும். முள்ளை எடுக்கிற இடத்தில் ஒரு துளை நிற்கும், அது இந்த முறையோடு கூடவே வருவது, கடைசித் துளையைக் கழிவுத் துண்டில் விடலாம். நடுத் துளையை அவர்கள் ஆர்கனால் நிரப்பி அரைத்து மினுக்கிவிட்டார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு தகட்டில் அது சரியாக மடிப்பிலேயே வந்து விரிந்துவிட்டது. இன்னொன்றில் முள்ளின் நீளம் போதவில்லை. மேலே பார்த்தால் அழகு, கீழ்ப்பக்கம் வெளியே வருகிற மாதிரி மடித்ததும் மூட்டுக்கோடு வாயைத் திறந்தது. மேல்பக்கத்தை வைத்து இந்த வேலையை நம்பவே கூடாது.

கேட்டதற்கு முதலாளி மழுப்பவில்லை. “அண்ணை, மடிக்கிற கோட்டை முதலே கீறிக்கொண்டு வாங்கோ, நடுத் துளையை அதுக்கு வெளியில தள்ளிவிடுறன்” என்றார், பழுதான இரண்டுக்கும் காசும் எடுக்கவில்லை. ஆர்கனைவிடக் கூலி கூடத்தான், ஆனால் 5083 பெட்டிக்கு நான் திரும்பவும் அங்கேதான் கொடுப்பேன். போகிறவர்கள் அதே தகட்டில் ஒரு சோதனைத் துண்டு ஒட்டச் சொல்லி, இரண்டு பக்கமும் மடித்துப் பார்த்த பிறகு மிச்சத்தைக் கொடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு போனால் நெல் வெட்டு மெசின் வேலைகள் குவிந்திருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.