காம்பியாவின் குட்டிச் சில்லைகள்: குட்டையோரமா, ஊரோரமா?

மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் செங்கன்னக் கார்டன் புளூ, செவ்வலகு ஃபயர்ஃபிஞ்ச் என்ற குட்டிப் பறவைகள் இரண்டையும் படமெடுக்க இரண்டு வழிகள்: நீர்க்குட்டை அருகே மறைவிடத்தில் காத்திருப்பது, அல்லது ஊரோரங்களில் நடந்து தேடுவது. இவை நம்மூர்ச் சில்லைகளின் குடும்பம்தான்; நீளம் 10 முதல் 13 செ.மீ.

என் ஓட்டு குட்டைக்கு. காய்ந்த விதைகளைத் தின்பதால் இவை அடிக்கடி தண்ணீர் குடித்தாக வேண்டும். நவம்பர் முதல் மே வரை மழை கிட்டத்தட்ட இல்லாததால் பறவை தானாகவே தேடி வரும். நேராகத் தண்ணீருக்கு வந்துவிடாது. பக்கத்துப் புதரில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கிளை கிளையாக இறங்கும். அந்தக் கடைசிக் கிளையில் ஃபோகஸை வையுங்கள். கேமராவைத் தரையோடு தாழ்த்தினால் பின்னணி கரைந்து, ஆண் கார்டன் புளூவின் கன்னத்துச் சிவப்பும் நெஞ்சின் வெளிர்நீலமும் அப்படியே எழுந்து நிற்கும். பெண்ணுக்கு அந்தச் சிவப்பு கிடையாது, அதனால் ஜோடியாக வந்தால் விடாதீர்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பெரிய லென்ஸ்கள் சிலவற்றில் மூன்று, நான்கு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது.

நடந்து தேடினால் படத்தில் பறவை சின்னதாகவே விழும், கூட்டம் சட்டென்று எழுந்துவிடும். ஆனால் ஃபயர்ஃபிஞ்சுக்கு இதுதான் சரி. வீட்டு முற்றத்தில் சிந்திய தானியத்தைக் கொத்தும் பறவை அது. ஓரமாக உட்கார்ந்தால் போதும், அருகிலேயே மேயும். கூட்டுக்குப் புல் சுமக்கும் காட்சியும் இங்கேதான் கிடைக்கும்.

ஒரே நாள்தான் இருக்கிறதா? விடியலில் ஊர், வெயில் ஏறியதும் நிழலான குட்டை.