இங்கிலாந்துக் கால்வாயில் இருவர் மட்டும்: நாரோபோட் வாடகைப் படகு, செட்டிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பிள்ளைகள் லண்டனிலோ பர்மிங்காமிலோ இருக்கிற வீடுகள் நிறைய. விசிட்டர் விசாவில் கோடைக்குப் போய்த் தங்குகிற பெற்றோருக்கு, பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பிய பிறகு பகல் நீளமாகத்தான் இருக்கும். கணவனும் மனைவியுமாக ஒரு நாரோபோட்டை (கால்வாய்க்கென்றே கட்டிய, ஒடுங்கி நீண்ட, உள்ளேயே தங்கிச் சமைக்கக்கூடிய படகை) வாடகைக்கு எடுத்து நாலு நாள் கால்வாயில் போய் வாருங்கள் என்பதுதான் அவர்களுக்கு நாங்கள் சொல்வது. கொடுக்கும் காசுக்குத் தகுந்த சேவை இது. ஆனால் படகின் நீளத்தையும் வழியையும் யோசிக்காமல் எடுத்துவிட்டால் ஓய்வு போய் உடம்பு வலிதான் மிஞ்சும்.

ஆலப்புழை ஹவுஸ்போட்டை மனதில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. அங்கே ஓட்ட ஆள், சமைக்க ஆள் எல்லாம் உண்டு. இங்கே சாவியைக் கொடுத்துவிட்டு நிறுவனத்தார் கரையேறிவிடுவார்கள். ஓட்டுவது, கட்டுவது, தண்ணீர் பிடிப்பது, சமைப்பது எல்லாம் உங்கள் இருவர் பொறுப்பு. வாடகைப் படகுக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். நடைமுறையில் 2, 3 மைல்தான் போவீர்கள். கரையில் நடப்பவர் உங்களைத் தாண்டிப் போவார். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழியை 2012-லிருந்து கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது.

படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிக்கு லாக் என்று பெயர். பழைய குறுகிய லாக்குகள் 7 அடி அகலத்தில் கட்டப்பட்டதால் இந்த அளவு. நீளம் 70 அடி வரை போகும். இருவருக்கு 40 முதல் 48 அடி போதும். ஒரே வாடகைதானே என்று 60 அடிப் படகை ஒப்புக்கொள்ளாதீர்கள். படகு நடுப்பகுதியை அச்சாக வைத்துத் திரும்புவதால், மூக்கு ஒரு பக்கம் போனால் வால் மறுபக்கம் வீசும். நீளம் கூடக்கூட வளைவுகளிலும் பாலத்தடியிலும் சிரமம் கூடும். திரும்பி வருவதற்கென்று கால்வாயில் அகலப்படுத்திய இடங்கள் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாகத்தான் இருக்கின்றன. சிறிய படகு அவற்றில் எதிலும் திரும்பும்.

சேவையின் தரத்தை முதல் ஒரு மணி நேரத்திலேயே எடை போட்டுவிடலாம். பிற்பகலில் படகை ஒப்படைக்கும்போது அவர்கள் எதைக் காட்டுகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று கவனியுங்கள். எஞ்சின் எண்ணெய் பார்க்கும் கம்பி, புரொப்பெல்லர் தண்டுக்குக் கிரீஸ் ஏற்றும் பித்தளைத் திருகு, எரிவாயு சிலிண்டரை மூடும் இடம், கழிவறைத் தொட்டியின் அளவுகாட்டி, புரொப்பெல்லருக்கு மேலுள்ள மூடி, பேட்டரிச் சுவிட்ச் எல்லாவற்றையும் கையால் தொட்டுக் காட்ட வேண்டும். கூடவே ஒருவர் ஏறி முதல் பாலம் வரையோ முதல் லாக் வரையோ வந்தால் அது நல்ல நிறுவனம். வீடியோவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடும் இடத்தை, முதல் முறை போகிறவர்கள் தவிர்க்கலாம். உயிர்காப்பு அங்கி கேட்டால் தருவார்கள், கேளுங்கள். பெரும்பாலான கால்வாய்களின் ஆழம் இடுப்பளவுக்கு மேல் இராது. லாக்கின் ஆழமும் ஆற்றின் ஆழமும் வேறு, அங்கே நீச்சல் தெரிந்தவரும் அங்கியைக் கழற்றக் கூடாது.

ஓட்டுவது பின்புறம் நின்றுகொண்டு, டில்லர் என்ற நீண்ட பிடியால். அதை இடப்பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகும். பத்து நிமிடத்தில் கை பழகிவிடும். பிரேக் கிடையாது, நிறுத்த ரிவர்ஸ் கியர் போட வேண்டும், ரிவர்ஸில் திசை பிடிக்காது. ஆகவே எதையும் முன்கூட்டியே, மெதுவாக. எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது எஞ்சினை அடங்கிய ஓட்டத்துக்குக் குறைக்காவிட்டால் அவர்களுடைய முளைகள் பிடுங்கிக்கொண்டு வரும்; வசவும் கேட்க நேரும். நீங்கள் போகும் அலை கரையில் நுரைத்து உடைகிறது என்றால் வேகம் அதிகம். ஆழமில்லாத இடத்தில் முடுக்கினால் பின்புறம் கீழே இழுபட்டு இன்னும் மெதுவாகத்தான் போகும்.

இனி லாக். மனதில் பயம் இருப்பது இதில்தான், விளக்கமும் இதற்குத்தான் அதிகம் வேண்டும். நம் கண்மாய் மடையில் ஷட்டரைத் தூக்கித் தண்ணீர் விடுகிற அதே வேலைதான், இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு தொட்டிக்குள் படகை நிறுத்திச் செய்கிறோம். ஷட்டருக்கு அங்கே பேடில் என்று பெயர்; அதைச் சுற்றித் தூக்கும் கைப்பிடி விண்ட்லஸ். ஒருவர் படகில், ஒருவர் கரையில். கதவைத் தள்ளுவதற்குக் கை பலம் உதவாது; நீண்ட மரக்கட்டையில் இடுப்பைச் சாய்த்துக் காலால் உந்த வேண்டும். இரு பக்கமும் நீர்மட்டம் சமமாகும்வரை யார் தள்ளினாலும் கதவு அசையாது, அதுவரை காத்திருப்பதுதான் வேலை. எங்கள் யோசனை: மனைவி டில்லரைப் பிடிக்கட்டும், கணவர் கரையில் இறங்கட்டும். ஓட்டுவதற்குப் பலம் தேவையில்லை, கவனம்தான் தேவை. பல தம்பதியர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மூட்டு வலியோடு திரும்புகிறார்கள்.

மேலே ஏறும்போது, தொட்டி காலியாக இருந்தால் கீழ்க்கதவைத் திறந்து உள்ளே போங்கள். கீழ்க்கதவையும் அதன் பேடில்களையும் மூடுங்கள். பிறகு மேல்பக்கத்தில் தரையில் உள்ள பேடிலைப் பாதி மட்டும் தூக்குங்கள். படகு அமைதியானதும் முழுதும். கதவிலேயே பேடில் இருந்தால், அதன் வாய் நீரில் மூழ்கிய பிறகே தொட வேண்டும். முன்பே திறந்தால் அருவி போல் முன்தளத்தில் கொட்டிப் படகையே நிரப்பிவிடும். கீழே இறங்கும்போது ஆபத்து வேறு. மேல்கதவுக்கு அடியில் சில் என்று ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்புறமும் சுக்கானும் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருந்தே ஆக வேண்டும். பின்தங்கினால் நீர் இறங்க இறங்க வால் திட்டில் உட்கார்ந்து மூக்கு கவிழும், சில நிமிடத்தில் படகு மூழ்கிவிடும். அப்படித் தொடங்குவது தெரிந்தால் உடனே கீழ்ப் பேடில்களை இறக்குங்கள், பிறகு மேல் பேடிலை மெல்லத் திறந்து மறுபடி நிரப்புங்கள். இதே காரணத்தால் லாக்குக்குள் கயிற்றை இறுக்கிக் கட்டவே கூடாது. ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடியுங்கள். விண்ட்லஸைத் தண்டிலேயே விட்டுவிட்டு நகர்வதும் கூடாது. பல்சக்கரத்தின் பூட்டு நழுவினால் அது சுழன்று முகத்தில் அடிக்கும்.

நேரக் கணக்கு எளிது: மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணி. 12 மைலும் 6 லாக்கும் என்றால் ஆறு மணி நேரம். இருவர் மட்டும் என்றால் ஒரு நாளுக்கு அதுவே உச்சம், நாலு மணி நேரம் இன்னும் நல்லது.

வழிகளில் எங்கள் முதல் தேர்வு ஆஷ்பி கால்வாய். கோவென்ட்ரிக்கு வடக்கே மார்ஸ்டன் சந்திப்பில் தொடங்கி ஸ்நேர்ஸ்டன் வரை சுமார் 22 மைல், வழியில் ஒரு லாக்கும் இல்லை. 1485-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் வீழ்ந்த பாஸ்வொர்த் போர்க்களம் பக்கத்தில் இருக்கிறது. ஆழம் குறைவு என்பதால் அவசரம் எடுபடாது. கோவென்ட்ரி, லெஸ்டர் இரண்டும் அருகே இருப்பதால் நம் மளிகை தாராளமாகக் கிடைக்கும். இரண்டாவது, பிராட்ஃபர்ட் ஆன் ஏவனிலிருந்து பாத் நகரம். ஊர் லாக்கைத் தாண்டிவிட்டால் பாத் வரை சுமார் 10 மைலுக்கு லாக் இல்லை. ஜான் ரென்னி கட்டிய ஏவன்கிளிஃப், டண்டாஸ் நீர்ப்பாலங்கள் இரண்டும் வழியில் வரும். பாத்தில் ஆற்றுக்கு இறங்கும் லாக்குகளுக்கு முன்பே படகைக் கட்டிவிட்டு நடந்து ஊர் பாருங்கள். குறை என்னவென்றால், அந்த வழி நெடுகப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பாதி நேரம் எஞ்சினை அடக்கியே ஓட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது லாங்கோலன் கால்வாய், எல்லாரும் கேட்பது. தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் 1805-இல் முடித்த போன்ட்கசுஹ்தே நீர்ப்பாலம் வேல்ஸுக்குள் இருக்கிறது. 126 அடி உயரத்தில் 1,007 அடி நீள இரும்புத் தொட்டியில் படகு போகும். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும்தான். டில்லரிலிருந்து பார்த்தால் நேரே பள்ளத்தாக்கு. தலைசுற்றல் உள்ளவர் அந்தப் பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்துகொள்ளட்டும். ஹர்ல்ஸ்டனிலிருந்து முழுக் கால்வாயையும் செய்தால் 21 லாக். சர்க் அல்லது டிரெவர் பக்கம் படகு எடுத்து எல்ஸ்மியர் வரை போய் வந்தால் நியூ மார்ட்டனில் இரண்டே இரண்டு. இருவருக்கு அதுதான் சரி. இரண்டாவதாகச் சொன்ன பாத் கால்வாயிலேயே, டிவைசஸில் உள்ள கேன் ஹில் ஏற்றத்தின் 29 லாக்குகளைப் படம் பார்த்து ஆசைப்பட்டு முதல் பயணத்தில் சேர்க்காதீர்கள்.

தேம்ஸ் போன்ற ஆறுகள் இரண்டாம் பயணத்துக்கு. அங்கே லாக்குக்கு ஆள் உண்டு, வேலை குறைவு. எஞ்சினை அணைத்து முன்னும் பின்னும் கயிறு பிடித்தால் போதும். ஆனால் மழை பெய்தால் நீரோட்டம் வலுத்துவிடும். லாக்கில் சிவப்புப் பலகை தொங்கினால் படகைக் கட்டிப்போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், விமானத் தேதி நெருங்கினாலும்.

சமையலறை நன்றாகவே இருக்கும்: எரிவாயு அடுப்பு, ஓவன், சின்ன ஃபிரிட்ஜ், பாத்திரங்கள். குக்கரும் பணியாரக் கல்லும் இருந்தால் எடுத்துப் போங்கள். மிக்ஸியை நம்ப வேண்டாம்; படகின் இன்வெர்ட்டர் எத்தனை வாட் தாங்கும் என்று முன்பே கேளுங்கள், பல நிறுவனங்கள் அதிக வாட் சாதனங்களைத் தடுக்கின்றன. பிள்ளைகள் வீட்டிலேயே அரைத்த மாவைக் கொண்டுபோவது நல்லது. குளிரில் புளிக்காது என்றால் சுடுநீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் ஓர் இரவு வையுங்கள்; எஞ்சின் சூட்டில் அந்த இடம் கதகதப்பாக இருக்கும். மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளித்தால் புகை அலாரம் அலறும். பக்கக் கதவைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள், அலாரத்தைக் கழற்றாதீர்கள். காற்றுத் துளைகளைக் குளிருக்குத் துணி வைத்து அடைப்பதும், அடுப்பை எரியவிட்டுக் குளிர்காய்வதும் உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஊரிலிருந்து இறைச்சி, பால் சார்ந்த எதையும் பிரிட்டனுக்குள் கொண்டுபோக முடியாது. உப்புக்கண்டமும் நெய்யும் வேண்டாம். இடித்த மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி, வற்றல், தேன்குழல், சீப்புச் சீடை போதும்.

கழிவறை பற்றி யாரும் நம்மவர்களுக்குச் சொல்வதில்லை. சில படகுகளில் பெரிய தொட்டி, அதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். சிலவற்றில் பெட்டி, அதை நீங்களே தூக்கிப்போய்க் கொட்ட வேண்டும். தொட்டி உள்ளதையே கேளுங்கள். காகிதம் பயன்படுத்துகிறவர்களின் கணக்கில் வைத்த தொட்டி அது. நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதால் முன்னதாகவே நிரம்பும், சிறிய கோப்பையாக வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர்த் தொட்டியை ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை கரையோரக் குழாயில் நிரப்புங்கள். அழுத்தம் குறைந்த குழாயில் ஒரு மணி நேரம்கூட ஆகும், மதிய உணவை அங்கே வைத்துக்கொண்டால் நேரம் வீணாகாது.

தினமும் காலையில் எண்ணெய் மட்டம். மாலையில் கிரீஸ் திருகு, எதிர்ப்பு தெரியும்வரை. மறந்தால் தண்டு வழியாக நீர் கசிந்து படகின் அடியில் சேரும். படகு திடீரென இழுவை இழந்து புகை கக்கினால் புரொப்பெல்லரில் செடியோ பிளாஸ்டிக் பையோ துணியோ சுற்றியிருக்கிறது. எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பின்புற மூடியைத் திறந்து கையால் எடுங்கள். மூடியைத் திரும்ப வைத்து இறுக்கியதை இரண்டுபேரும் பார்க்க வேண்டும். தளர்வாக விட்டு எஞ்சினை ஓட்டினால் உள்ளே நீர் பொங்கிப் படகு மூழ்கும்.

இரவில் கரைப்பாதைப் பக்கம் முளையடித்துக் கட்டலாம். பெரும்பாலான இடங்களில் கட்டணம் இல்லை. பலகையில் 48 மணி என்று போட்டிருந்தால் அதற்கு மேல் நிற்கக் கூடாது. லாக் வாசல், பாலம், வளைவு, திரும்புமிடம் ஆகியவற்றின் அருகில் கட்டாதீர்கள். கட்டி நிற்கும்போது இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சினை ஓட்டக் கூடாது.

ஜூனில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருப்பதால் மே, ஜூன் எங்கள் பரிந்துரை. பள்ளி விடுமுறைக்கு முன்பு வாடகையும் குறைவு. நவம்பரிலிருந்து மார்ச் வரை பழுதுபார்ப்புக்காகப் பல லாக்குகளை மூடிவிடுவார்கள். வெள்ளி முதல் திங்கள், திங்கள் முதல் வெள்ளி, முழு வாரம் என்று மூன்று வகையாகப் படகு கிடைக்கும். முதல் தடவைக்குத் திங்கள் முதல் வெள்ளி. வாடகையோடு டீசல், சேதக் காப்புத் தொகை, கார் நிறுத்தக் கட்டணம் ஆகியவை சேருமா, தனியா என்று எழுத்தில் கேளுங்கள். டீசல் தனி என்றால் மணிக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள். படகைத் திரும்ப ஒப்படைப்பது பெரும்பாலும் காலை 9 மணிக்கு. முந்தின மாலையே அரை மணி நேர ஓட்டத் தூரத்தில் வந்து கட்டிவிடுங்கள். தாமதத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, அடுத்த குடும்பம் அன்றைக்கே அதே படகுக்குக் காத்திருக்கும்.