அறிமுக உரையா, கேள்விகளா? சேலம் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மூன்றாம் ஆண்டு படிக்கும் என் சித்தப்பா மகள் போன வாரம் போன் செய்தாள். வரும் சனிக்கிழமை அவள் கல்லூரியில் பழைய மாணவர்களும் கம்பெனிக்காரர்களும் வருகிற மீட். அதே நாளில் பெங்களூரில் ஒரு பெரிய நெட்வொர்க்கிங் நிகழ்ச்சி. வகுப்பில் பாதிப் பேர் பெங்களூருக்குப் பஸ் ஏறுகிறார்களாம். "எதுக்குக்கா போறது? என்னத்தைத் தயார் பண்றது?" என்று கேட்டாள். அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பெங்களூர் சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். தர்மபுரி, ஓசூர் நெரிசலைத் தாண்டி இறங்கும்போதே உடம்பு சோர்ந்திருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்காரர் முன்னாலும் வரிசை நிற்கும். இரண்டு நிமிடப் பேச்சு கிடைத்தால் அதிகம். அதற்காகப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிப் டிசைன் மாதிரி சேலத்தில் ஆள் கிடைக்காத துறைதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்கள் தாராளமாகப் போகலாம். மற்றவர்களுக்கு, குறிப்பாக இதுதான் முதல் தடவை என்பவர்களுக்கு, என் ஓட்டு உள்ளூர் மீட்டுக்குத்தான்.

இதற்கு ஊர்ப் பாசம் மட்டும் காரணமில்லை. நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் வழியாகத்தான் வேலை பற்றிய புதுத் தகவல் வந்து சேர்கிறது என்று அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதினார். நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும் அல்லவா? லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்து ஐந்து ஆண்டுகள் நடந்த சோதனைகளின் முடிவு 2022-ல் சயின்ஸ் இதழில் வந்தது. அது இதை இன்னும் துல்லியமாகச் சொன்னது: வேலை மாற அதிகம் உதவியவர்கள் ரொம்ப நெருக்கமானவர்களும் இல்லை, ஒட்டே இல்லாத தூரத்து ஆட்களும் இல்லை, நடுவில் இருப்பவர்கள். அதே கேன்டீனில் டீ குடித்து, அதே லேப்பில் ரெக்கார்டு எழுதி, ஆறு வருடம் முன்பு வெளியே போன சீனியர் சரியாக அந்த நடுவில் நிற்கிறார். அவர் சனிக்கிழமை உங்கள் ஆடிட்டோரியத்துக்கே வருகிறார்.

அடுத்தது, எதைத் தயார் செய்வது. விடுதிகளில் ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் முப்பது விநாடி அறிமுகத்தை எழுதிக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்வது ஒன்று. வரப்போகிறவர் யார், என்ன செய்கிறார் என்று பார்த்து அவருக்கான கேள்விகளோடு போவது இன்னொன்று.

நான் மனப்பாடக் கட்சியில் இருந்தவள். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்ததால், ஆறு வரி ஆங்கிலத்தை ஒரு வாரம் உருப்போட்டேன். கையில் அது இருந்த தைரியத்தில்தான் எங்கள் கல்லூரி மீட்டில் ஒருவர் முன்னால் போய் நிற்கவே முடிந்தது. அந்தத் தைரியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவது வரியிலேயே அவர் குறுக்கிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார். ஆத்தூர் பக்கம் என்றேன். "அப்ப வீட்ல குச்சிக்கிழங்கு போடறாங்களா?" என்றார். மீதி நான்கு வரிகளுக்கு இடமே வரவில்லை.

குச்சிக்கிழங்கிலிருந்து, அதாவது மரவள்ளியிலிருந்து, ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஃபேக்டரிகளுக்கு கன்ட்ரோல் பேனல் செய்து கொடுப்பவர் அவர். கிழங்குக்கு விலை போடுவது மாவுச்சத்துப் 'பாயிண்ட்' பார்த்துத்தான். கிழங்கைத் தண்ணீரில் அமிழ்த்தி எடை போட்டு அந்தப் பாயிண்டைக் கணக்கிடுவார்கள். அப்பாவோடு லோடு போன நாட்களில் அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கே எடை தப்பும், விவசாயி எதற்குச் சண்டை போடுவார் என்று அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். இருபது நிமிடம் போனது. கோடை விடுமுறையில் அவரிடமே இன்டர்ன்ஷிப் கிடைத்தது. அன்று அந்தப் பேச்சைக் காப்பாற்றியவை அவருடைய கேள்விகள். என்னிடம் ஒரு கேள்விகூட இல்லை. இருந்திருந்தால் அதே மாலையில் இன்னும் மூன்று பேரிடம் பேசியிருப்பேன்.

அதனால் கேள்விதான் என் தேர்வு. ஆனால் எல்லாக் கேள்வியும் ஒன்றல்ல. "உங்க கம்பெனில வேகன்சி இருக்கா சார்?" என்றால் ஆம், இல்லை என்று பேச்சு முடிந்துவிடும். மெட்டலர்ஜி (உலோகவியல்) மாணவர் உருக்காலைக்காரரைச் சந்திக்கிறார் என்று வையுங்கள். சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்தில் வெளியிலிருந்து வந்த உருக்குச் சுருள்களைக் குளிர்நிலையில் உருட்டி மெல்லிய தகடாக்கும் ஆலையாகத்தான் ஓடத் தொடங்கியது. உருக்கும் பிரிவு பல வருடம் கழித்தே வந்தது. "உருக்கும் பிரிவு வந்த பிறகு மெட்டலர்ஜி படிச்சவங்களுக்கு என்ன வேலை கூடுச்சு சார்?" என்று கேட்டுப் பாருங்கள். சேகோ ஃபேக்டரி முதலாளியிடம் பயோடெக் மாணவி கழிவுநீரிலிருந்து எடுக்கும் எரிவாயு பற்றிக் கேட்கலாம். மெக்கானிக்கல் மாணவர், களத்தில் ஜவ்வரிசி காயும்போது மழை வந்தால் என்ன செய்கிறார்கள் என்று கேட்கலாம். அரை மணி நேரம் தேடிப் படித்தாலே இப்படிக் கேட்க முடியும். அறிமுகத்துக்குப் பெயர், படிப்பு, ஊர், இப்போது செய்துகொண்டிருக்கும் ஒரு வேலை போதும். தமிழில் சொன்னாலும் ஒன்றும் குறையாது.

காகித ரெஸ்யூமா, போனில் கியூஆர் கோடா? ஐடி ஆட்கள் போனை நீட்டுவார்கள். ஆலை முதலாளிகள் பலர் காகிதத்தைத்தான் வாங்கிப் பார்ப்பார்கள். ஒரு பக்க ரெஸ்யூம் பத்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். லிங்க்ட்இன் கியூஆரை முன்னதாகவே கேலரியில் சேமித்து வையுங்கள், ஆடிட்டோரியத்துக்குள் சிக்னல் கிடைக்காமல் போகலாம். உடைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். சேலம் வெயிலில் இரவல் பிளேசரைவிட இஸ்திரி போட்ட பருத்திச் சட்டையோ சுடிதாரோ மேல். இரண்டு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். புதுச் செருப்பு வேண்டாம்.

கூட்டமாகப் போவதா, தனியாகவா என்பதற்கு என் பதில்: இரண்டு பேராக. ஐந்தாறு பேர் வட்டம் கட்டி நின்றால் வெளியாள் யாரும் உள்ளே வர மாட்டார். தனியாகப் போனால் முதல் பத்து நிமிடம் சுவரோரமே கழிந்துவிடும். இரண்டு பேராகப் போனால் ஒருத்தி தடுமாறும்போது இன்னொருத்தி, "சார், இவ செஞ்ச பிராஜெக்ட்டைக் கேளுங்க" என்று எடுத்துக் கொடுப்பாள். தன்னைப் பற்றித் தானே சொல்லக் கூச்சப்படும் நம் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

மீட் முடிந்து எல்லோரும் தட்டுவடை செட் சாப்பிடக் கிளம்புவார்கள். போங்கள். ஆனால் அதற்கு முன் ஓர் ஓரமாக உட்கார்ந்து, யாரிடம் என்ன பேசினீர்கள் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். அன்றிரவே செய்தி அனுப்பலாமா, ஒரு வாரம் விட்டு அனுப்பலாமா என்று தங்கை கேட்டாள். மறுநாள் காலையில் என்றேன். 'ஹாய் சார்' என்று மட்டும் அனுப்பாதே என்றும் சொன்னேன். அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த மாதிரி இது: "வணக்கம் சார். நேற்று மீட்டில் டிரையர் பற்றிக் கேட்ட மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவி நான். நீங்கள் சொன்ன ஈரப்பத சென்சாரைத் தேடிப் பார்த்தேன். ஒரு சந்தேகம் இருக்கிறது, நேரம் இருக்கும்போது கேட்கலாமா?"