சதர்லாந்தில் கருந்துளை காட்டிய விடுதி

‘இன்றிரவு கருந்துளையைப் பாருங்கள், தலைக்கு 250 ரேண்ட்’ என்று வாசலில் போர்டு. கேப் டவுனிலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்த அலுப்பு இருந்தாலும், அம்மா ஊரிலிருந்து வந்திருந்த உற்சாகத்தில் மூன்று பேருக்கும் கட்டிவிட்டேன்.

முதலில் குறை. கருந்துளை தெரியவில்லை; ஒளியைக்கூட வெளியே விடாத அது தெரியவும் தெரியாது. பால்வீதியின் நடுவில் இருப்பதற்கு எடை சூரியனைப் போல 40 லட்சம் மடங்கு. ஆனால் இருப்பதோ ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு தள்ளி, தூசிப் படலத்துக்குப் பின்னால். கொல்லையில் நிறுத்திய எட்டு அங்குலத் தொலைநோக்கிக்கு அது எட்டுமா? தூசியைத் தாண்டி வருவது ரேடியோ அலை, அகச்சிவப்பு, எக்ஸ்ரே மாதிரியானவைதான். ரேடியோ அலையைப் பிடிக்கத்தான் இதே கரூ பொட்டலில் மீர்காட் என்ற ரேடியோ தொலைநோக்கியின் 64 டிஷ்களும் நிற்கின்றன. ‘கருந்துளை இருக்கும் திசையைப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை. போர்த்திக்கொள்ளத் தந்த கம்பளியில் நாய் வாசம் வேறு.

வழிகாட்டிப் பையன் எடுத்த எடுப்பில் ‘எல்லாவற்றையும் உறிஞ்சும் வாக்யூம் கிளீனர்’ என்றான். அதுவும் தப்பு. சூரியனை எடுத்துவிட்டு அதே எடையில் ஒரு கருந்துளையை வைத்தால், பூமி இருட்டிலும் குளிரிலும் பழைய பாதையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கிட்டே போனால்தான் வம்பு.

ஆனால் பத்தரை மணிக்கு எல்லோரையும் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, லேசரை நேர் உச்சியில் காட்டினானே, அதற்குக் காசு கொடுக்கலாம். ஜூலையில் தனுசு ராசி அங்கே தலைக்கு மேலேயே நிற்கிறது. உள்ளே விழுகிறவன் ஸ்பாகெட்டி ஆவான் என்றான். அம்மாவுக்கு ஸ்பாகெட்டி தெரியாது. “இடியாப்பம்மா,” என்றேன். கால் பக்கம் இழுப்பு அதிகம், தலைப் பக்கம் குறைவு. ஆள் நீளவாக்கில் இழுபட்டு, பக்கவாட்டில் நசுங்குவான். பத்து சூரியன் எடையுள்ள சின்னக் கருந்துளை என்றால் விளிம்பை, அதாவது தாண்டினால் திரும்ப வழியில்லாத எல்லையை, தொடும் முன்பே நூலாகிவிடுவான். இந்த 40 லட்சத்தில் விளிம்பைத் தாண்டும்போது ஒன்றுமே உறைக்காது, பிழிவதெல்லாம் உள்ளே போன பிறகுதான்.

“பெரிய மனுஷன் வீடு மாதிரி. வாசல்ல நல்லாத்தான் வரவேற்பான்,” என்றாள் அம்மா.

வெளியே நின்று பார்க்கிற நமக்கு, விழுகிறவன் மெதுவாகி, சிவந்து, மங்கி, விளிம்பிலேயே நின்றுவிட்டதுபோலத் தெரியும். அவனுக்கோ ஒன்றும் நிற்பதில்லை, போய்க்கொண்டே இருப்பான். இதைச் சொன்னதும் அம்மா எழுந்து உட்கார்ந்து, “திரிசங்குன்னு சொல்லேன்,” என்றாள். தெற்குச் சிலுவை எந்தப் பக்கம் என்று பையனிடம் கேட்டுக் காட்டச் சொன்னாள். திரிசங்கு அங்கேதான் தொங்குகிறானாம். பையன் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்ததில் அரை மணி கூடுதலாக ஓடியது. அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஒன்று போர்டுக்காகக் குறைத்தது, இன்னொன்று கம்பளிக்காக. போகிறவர்கள் அமாவாசையை ஒட்டிப் போங்கள். மங்கி குல்லாவும் பிளாஸ்கில் காபியும் மறக்க வேண்டாம், அவர்கள் தரும் சூப் வெறும் வெந்நீர்.